அய்யா நடந்த இடங்கள்





பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கடை வைத்தும் ஆலை வேலைக்கு வந்தும் குடியிருக்கிற நம் மக்களிடம் அக்கம்பக்கத்தார் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வருடம் தவறாமல் மாசி மாதம் தெற்கே போகிறீர்களே, சாமிதோப்பில் அப்படி என்ன பெரிய கோயில் இருக்கிறது என்பார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தைப் பிறந்த நாள் முதல் பார்த்து வளர்ந்த கண்களுக்குக் கோயில் என்றால் வானைத் தொடும் விமானம், 13 அடி லிங்கம், வாயிலில் மலைபோல் அமர்ந்த நந்தி. நம் பதியில் சிலை கிடையாது. பள்ளியறையில் ஒரு நிலைக்கண்ணாடியும் விளக்கும்தான். பிறகு ஏன் இத்தனை பேர் கால்நடையாகப் போகிறார்கள்? அதைச் சொல்ல வேண்டுமானால் அய்யாவின் வரலாற்றை அவர் நடந்த இடங்களோடு சேர்த்துத்தான் சொல்லவேண்டும். நம் பிள்ளைகளில் பலர் அந்த இடங்களைப் படத்தில் மட்டுமே பார்த்திருப்பதால் அவர்களுக்கும் இது உதவும்.

கொல்லம் 984, அதாவது 1809-ஆம் வருடம், தென் திருவிதாங்கூரில் தாமரைகுளத்தை அடுத்த பூவண்டன் தோப்பில் பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு முடியும் பெருமாளும் எதற்கு என்று மேல்சாதியார் எதிர்த்ததால் அந்தப் பெயரை மாற்றி முத்துக்குட்டி என்று அழைத்தார்கள். பிறந்த குழந்தைக்கு விரும்பிய பெயரைக்கூட வைக்க முடியாத காலம் அது. முத்துக்குட்டி வளர்ந்து பயிர்த்தொழிலும் பனைத்தொழிலும் செய்தார். வீட்டில் திருமாலுக்கு ஒரு பீடம் போட்டு வணங்கிவந்தார். புவியூரைச் சேர்ந்த திருமாலம்மாளோடு வாழ்ந்தார். இளமைக் காலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

அந்த நாளில் சான்றோர் மக்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தலைவரி, கூலியில்லாத ஊழியம், இவை போகக் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது, பெண்கள் தோள்சீலை போடக்கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கக்கூடாது. பொதுக் கிணறு கிடையாது. கோயில் வீதியிலும் நடக்க முடியாது. பூவண்டன் தோப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது சுசீந்திரம் தாணுமாலயன் கோயில். தட்டினால் இசை தரும் தூண்களைப் பார்க்க இன்று உலகமெல்லாம் அங்கே வருகிறது. அந்தக் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கே 1926-லும் பிறகு 1930-லும் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12-இல் மகாராஜாவின் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்த பிறகுதான் கதவு எல்லோருக்கும் திறந்தது. முத்துக்குட்டியின் காலம் அதற்கும் நூறு வருடம் முந்தியது. ஒரே கோயில்தான். உள்ளே போனவர்களுக்கு அது தெய்வம் குடியிருக்கும் இடம். வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அது ஒரு மதில். பழைய இடத்தின் பெருமையை யாராவது பேசும்போது, யார் எங்கே நின்று பேசுகிறார்கள் என்றும் பார்க்கவேண்டும்.

இருபதைத் தாண்டிய வயதில் முத்துக்குட்டிக்கு கொடிய நோய் கண்டது. ஒரு வருடத்துக்கு மேல் படுத்த படுக்கை. கொல்லம் 1008 மாசி மாதம், 1833-இல், திருச்செந்தூரில் திருவிழா நடந்தது. மகனைச் செந்தூருக்குக் கொண்டுபோனால் சுகமாகும் என்று தாய் வெயிலாள் அம்மை கனவு கண்டார். உறவினர்கள் அவரைத் தொட்டில் கட்டிச் சுமந்து சென்றார்கள். செந்தூர்க் கடற்கரையில், எழுந்து நிற்கவும் வலுவில்லாதவர் திடீரென்று எழுந்தார். நேராகக் கடலுக்குள் நடந்தார். அலை மூடிவிட்டது. கூட வந்தவர்கள் அழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள். தாய் மட்டும் கரையை விட்டு அசையவில்லை. மூன்றாம் நாள் கடலிலிருந்து அவர் எழுந்து வந்தார். ஓடிவந்த தாயிடம், தான் இனி முத்துக்குட்டி அல்ல என்றும், கலியை அழிக்க நாராயணர் மகனாய் வந்த வைகுண்டம் என்றும் அறிவித்தார். மாசி 20-ஐ அவதார நாளாக நாம் கொண்டாடுவது இதனால்தான். மூன்று நாள் தனியே நின்ற அந்தத் தாயின் காத்திருப்பை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்துவிடக்கூடாது. அவதாரப்பதிக்குப் போகிறவர்கள் கடலைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். அந்தத் தாய் நின்ற மணலும் அங்கேதான் இருக்கிறது.

செந்தூரிலிருந்து கடற்கரையோரமாக நடந்து அய்யா ஊர் வந்து சேர்ந்தார். பூவண்டன் தோப்பில் தவத்துக்கு அமர்ந்தார். அந்தத் தோப்பு ஆயர் குலத்தைச் சேர்ந்த பூவண்டருக்கு உரியது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் வழியின் முதல் இடமே வேறொரு சாதிக்காரரின் நிலத்தில், அவருடைய மனநிறைவோடு அமைந்தது. ஆறு வருடத் தவம் அது. முதல் இரண்டு வருடம் ஆறடி ஆழக் குழிக்குள் இருந்தார். அடுத்த இரண்டு வருடம் சமதளத் தரையில் இருந்தார். கடைசி இரண்டு வருடம் உயர்ந்த பீடத்தில் அமர்ந்தார். குழி, தரை, பீடம் என்ற இந்த வரிசையை யோசித்துப் பாருங்கள். மிதிபட்டுக் கிடந்த ஒரு கூட்டம் எழுந்து உட்கார்வதற்கு எந்த வரிசையில் எழவேண்டுமோ அந்த வரிசை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இதைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள்.

வந்த மக்களுக்கு அய்யா கொடுத்தது மண்ணும் தண்ணீரும். நோய்க்கு மருந்து அதுவே. காணிக்கை, கையூட்டு, ஆடு கோழிப் பலி எதுவும் வேண்டாம் என்றார். வீட்டு முற்றத்திலும் விளையிலும் ரத்தம் ஊற்றிய பேய்ப்பீடங்களை மக்கள் தாங்களே இடித்து மண்ணோடு மண்ணாக்கினார்கள். அந்தப் பீடங்களும் தலைமுறை தலைமுறையாக வந்த பழைய இடங்கள்தானே என்று இன்று சிலர் கேட்கலாம். பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைக் காக்கவேண்டும் என்று அய்யா சொல்லவில்லை. மனிதனைப் பயத்தில் வைத்திருக்கும் இடம் போகட்டும் என்றே விட்டார். அச்சமும் தீட்டும் இல்லாத புது இடங்களை அதன் எதிரிலேயே எழுப்பினார்.

அப்படி எழுந்தவற்றில் முதன்மையானது முத்திரிக்கிணறு. பொதுக் கிணற்றருகே போனாலே தீட்டு என்று விரட்டப்பட்டவர்களும் விரட்டியவர்களின் பிள்ளைகளும் ஒரே கிணற்றில் இறைத்துக் குளித்து, ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு கிணறு வெட்டுவதில் என்ன புரட்சி என்று இன்றைய குழாய்த்தண்ணீர்ப் பிள்ளைகளுக்குத் தோன்றும். சாதி அன்றாடம் வேலை செய்த இடம் கிணற்றடிதான். கோயிலுக்குப் போகாமல் ஒரு மனிதன் வாழ்ந்துவிடலாம், தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் தள்ள முடியாது. அந்தக் கிணற்றடியிலேயே அய்யா கையை வைத்தார். இன்றும் பதிக்குள் நுழையும் முன் நாம் அங்கே குளிக்கிறோம். கொடியேற்றுத் திருவிழாவின் எட்டாம் நாள் கலிவேட்டை நடப்பதும் அந்தக் கிணற்றருகேதான்.

இந்த இடத்தில் நம் ஊர்ப்பக்கம் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அய்யா தவத்தில் இருந்த அதே காலம், 1836. கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கும்பினி அரசாங்கம் கீழணை கட்டியது. ஆர்தர் காட்டன் துரை முன்னின்று செய்த வேலை. அணைக்குக் கல் வேண்டும். பக்கத்தில் ராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் இருந்தது. கோயிலின் சுற்றுமதில் கிட்டத்தட்ட முழுவதையும், சிற்பம் செதுக்கிய கருங்கற்களையும் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். சுற்றியிருந்த ஏழைக் குடியானவர்கள் தடுத்துப் பார்த்தார்கள். அரசாங்கத்துக்கு அந்தக் கோயிலின்மேல் எந்த உரிமைப் பத்திரமும் கிடையாது. ஆனாலும் தடுத்தவர்களுக்கு அவமதிப்புக் குற்றம் என்று தண்டனை கிடைத்தது. கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கு நிறைவேறவில்லை என்று 1855-இல் ஒரு பத்திரிகையே எழுதியது.

அணையால் வயல் விளைந்தது, அதை மறுக்கமுடியாது. இன்றும் அதன் தண்ணீர் பாய்கிறது. ஆனால் அந்தக் குடியானவர்கள் எதற்காக அடி வாங்கத் துணிந்தார்கள் என்று பாருங்கள். சோழப் பேரரசு போய் ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தலைநகரம் மாளிகைமேடு என்ற மண்மேடாகிவிட்டது. ராசேந்திரனின் கங்கைப் படையெடுப்பைப் படித்துத் தெரிந்துகொள்ள அவர்களுக்குப் புத்தகமும் இல்லை. கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவர்களும் அவர்களில் இருந்திருக்கமாட்டார்கள். எங்கள் கோயில், எங்கள் பாட்டன் கும்பிட்டது என்ற ஒன்றே போதுமாக இருந்தது. சிங்கமுகத்துக்குள் படி இறங்கும் அந்தக் கிணற்றில் கங்கை நீர் கலந்திருக்கிறது என்ற நம்பிக்கை போதுமாக இருந்தது. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2004-இல் இந்தக் கோயிலை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது. அதற்கு 168 வருடம் முன்பே அதன் மதிப்பை அறிந்து தண்டனை வாங்கியவர்கள் அந்தப் பெயர் தெரியாத ஏழைகள். அரியலூர்க்காரர் யாராவது சாமிதோப்பைப் பற்றிக் கேட்டால், நான் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். இதைக் கேட்டவர்களுக்கு நம் கிணறு எளிதில் விளங்கிவிடும். (கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாளையும் நினைவூட்டலாம். அங்கே மூலவர் உருவச்சிலையாக இல்லை, கல்கம்பமாகவே நிற்கிறார். சிலையில்லாத கோயிலை அரியலூர் மக்களுக்கு நாம் புதிதாக விளக்கவேண்டியதில்லை.)

அய்யாவிடம் மக்கள் திரண்டது அரண்மனைக்குத் தெரிந்தது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சுவாதித் திருநாள். புகார்கள் போயின. பண்டாரம் ஒருவன் தாழ்ந்த சாதிகளைச் சேர்த்துக்கொண்டு அரசை எதிர்க்கிறான் என்பது அவற்றின் சாரம். தோப்புக்கு உரியவரான பூவண்டர் அய்யாவுக்காக அரசனிடம் பரிந்து பேசிப் பார்த்ததாக அகிலம் சொல்கிறது. பயன் இல்லை. அய்யாவைப் பிடித்துக்கொண்டுபோனார்கள். மக்கள் எதிர்க்கக்கூடாது, பொறுத்திருக்கவேண்டும் என்று அய்யாவே தடுத்துவிட்டார். வழியெங்கும் அடித்தும் இழுத்தும் ஏசியும் கொண்டுபோனார்கள். திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பு என்ற இடத்தில் காவலில் வைத்தார்கள். நீற்றறையில் இட்டார்கள். மிளகாய்ப் புகையில் அடைத்தார்கள். பசித்த புலி இருந்த கூண்டுக்குள் விட்டார்கள். புலி பணிந்து படுத்தது. நூறு நாளுக்கு மேல் சிறை. தன் சாதிக்குள் மட்டும் அடங்கி இருப்பதாக எழுதித் தந்தால் விடுவோம் என்றபோது அய்யா இசையவில்லை என்பது நம் ஏட்டின் செய்தி. கொல்லம் 1014 மாசி 19-இல், 1839-இல், விடுதலையாகி மக்கள் சூழத் தோப்புக்குத் திரும்பினார்.

இந்தச் சிறையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். அவமானம் நடந்த இடத்தை மறைப்பதுதான் உலக வழக்கம். நம் மக்கள் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு மாசி 19-ஆம் தேதியும் இரண்டு வாகன ஊர்வலங்கள் கிளம்புகின்றன. ஒன்று அய்யா அவதரித்த திருச்செந்தூரிலிருந்து வருகிறது. இன்னொன்று அய்யா சிறையிருந்த திருவனந்தபுரத்திலிருந்து வருகிறது. இரண்டும் நாகர்கோவிலில் சேர்கின்றன. மறுநாள் அங்கிருந்து சாமிதோப்புக்கு மாசி ஊர்வலம். பிறந்த இடத்துக்கும் அடிபட்ட இடத்துக்கும் ஒரே மரியாதை. ஊர்வலத்தில் நடக்கிற சிறுவன் ஒருவனுக்கு யாரும் சரித்திரப் பாடம் நடத்தவேண்டியதில்லை. எங்கிருந்து புறப்பட்டோம், ஏன் அங்கிருந்து புறப்பட்டோம் என்று அவன் கேட்டால், பக்கத்தில் நடப்பவர் சொல்லிவிடுவார். மண்டபம் கட்டி அறிவிப்புப் பலகை வைத்தாலும் இந்த அளவு நிற்காது என்பது என் எண்ணம்.

விடுதலைக்குப் பின் அய்யா சுமார் 700 குடும்பங்களைக் கன்னியாகுமரியை அடுத்த கடற்கரைக்கு அனுப்பினார். துவையல் தவசு அது. முதலில் வாகைப்பதியிலும் பின் முட்டப்பதியிலும் நடந்தது. நாளுக்கு மூன்று வேளை குளியல், துணியைத் துவைத்து உடுத்தல், ஒரே ஒரு வேளை உணவு. பச்சரிசியும் சிறுபயறும் கடல்நீரில் வேகவைத்தது. அழுக்கன் என்று ஒதுக்கப்பட்டவர்கள் சுத்தத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு செய்தியும் உண்டு. சொந்த நிலம் இல்லாதவர்கள், வரி கட்டி முதுகு வளைந்தவர்கள், சேர்ந்து வாழ்ந்து சேர்ந்து உண்டு பழகிய முதல் ஊர் அந்தக் கடற்கரை. அவர்கள் வீடு திரும்பியபோது பழைய ஆட்களாகத் திரும்பவில்லை.

பிறகு அய்யா பல ஊர்களுக்கும் சென்றார். முட்டப்பதி, அம்பலப்பதி, பூப்பதி, தாமரைகுளம்பதி, தலைமையாகச் சாமிதோப்புப்பதி. இவையே பஞ்சபதிகள். ஒவ்வொன்றிலும் அவதாரத்தின் ஒவ்வொரு செயல் நடந்தது. தாமரைகுளத்தில், கொல்லம் 1016 கார்த்திகை 27-இல், சகாதேவ சீடர் என்ற அரிகோபாலன் சீடர் வாயிலாக அகிலத்திரட்டு அம்மானை எழுந்தது. அது ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தது 1939-இல். நூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைய அது கையெழுத்தாகவும் வாய்மொழியாகவும் மட்டுமே இருந்தது. திருஏடு வாசிப்பு என்று நாம் ராகம் போட்டு வாசிக்கிற வழக்கம் இல்லாமல் போயிருந்தால் இன்று நம் கையில் அகிலம் இருந்திருக்குமா என்று தெரியாது. எனவே ஏடு வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வருடமே அவர் பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வையுங்கள். ராகத்தை அச்சில் ஏற்றிக் காப்பது கடினம்.

அய்யாவின் காலத்திலேயே நிழல்தாங்கல்கள் தொடங்கிவிட்டன. செட்டிகுடியிருப்பு, அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம் ஆகிய ஏழு ஊர்களைச் சொல்வார்கள். வட மாவட்டங்களில் தாங்கல் என்றால் சிறிய ஏரி, வேடந்தாங்கல் போல. நம்மவர் நிழல்தாங்கல் என்றதும் இங்கே சிலர் குளக்கரை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிரிக்க வேண்டாம். நிழலும் தண்ணீரும் தரும் இடம் என்றால் அவர்கள் புரிந்துகொண்டதும் பாதி சரிதான். ஆரம்பத்தில் அவை ஓலைக்கூரைகள். அங்கே அன்னதர்மம் நடந்தது, பணிவிடை நடந்தது, பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். கோயில் தெருவில் நடக்க முடியாதவன் இங்கே தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே போனான். தலையில் துணி கட்டுவது உயர்ந்தவர்களுக்கே உரியது என்றிருந்த நாட்டில், தெய்வத்தின் முன்னால் தலைப்பாகையோடுதான் நிற்கவேண்டும் என்பது முறையானது. உள்ளே போனால் கண்ணாடி. தலைப்பாகையும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக அவன் தன்னையே பார்த்தான். ஓலைக்கூரைக்குக் கீழே அவனுக்குக் கிடைத்த அந்தப் பார்வைக்காகவே அவன் பேரனின் பேரன் இன்று பெரம்பலூரிலிருந்து இரவு பஸ் ஏறுகிறான். கேரளத்தில் நாராயண குரு 1927-இல் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்ததையும் இதோடு சேர்த்து நினைக்கலாம்.

நம் பக்கத்திலும் தாங்கல் எழுப்பவேண்டும் என்று அடிக்கடி பேச்சு எழுகிறது. நல்லது. ஆனால் பேச்சு எழுந்தவுடன் கோபுரம் எத்தனை நிலை, கிரானைட் எங்கே வாங்குவது, நன்கொடையாளர் பெயரை எங்கே பொறிப்பது என்று போய்விடுகிறது. பழைய தாங்கல்களைப் புதுப்பிக்கும்போதும் இதே பேச்சுத்தான். கட்டடம் உறுதியாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஓலை மக்கிப்போகும், ஓடு உடையும், கான்கிரீட் தேவைதான். என் கவலை வேறு. முற்றத்து மணலைச் சிமெண்டு போட்டு மூடுகிறோம். கிணற்றைத் தூர்த்துவிட்டு ஆழ்குழாய் போடுகிறோம். அன்னதர்மக் கொட்டகையைச் சுருக்கி மண்டபத்தை நீட்டுகிறோம். பிறகு ஐம்பது வருடம் கழித்துப் பிள்ளை வந்து கேட்டால், பதில் சொல்ல இடத்தில் ஒன்றும் இருக்காது. கிணறு வறண்டிருந்தாலும் அதன் சுற்றுச்சுவரையாவது விட்டு வையுங்கள். யார் வெட்டினார்கள், யார் நிலம் கொடுத்தார்கள், முதலில் யார் இறைத்தார்கள் என்று தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். புதிதாக இடம் வாங்குகிறவர்கள் முதலில் தண்ணீருக்கும் பந்திக்கும் இடம் விட்டுவிட்டு மிச்சத்தில் பள்ளியறை கட்டினால் பாதகமில்லை, அய்யா தோப்பில் அந்த வரிசையில்தான் நடந்தது.

கொல்லம் 1026 வைகாசி 21-இல், 1851-இல், அய்யா வைகுண்டம் ஏகினார். தவமிருந்த தோப்பிலேயே அவரது திருமேனியை அடக்கினார்கள். அதைச் சுற்றியே பதி வளர்ந்தது. அரசன் பெயரில் கட்டப்பட்டதில்லை, அரசாங்கக் கருவூலத்துப் பணமும் இல்லை. பனையேறியும் உப்பு அள்ளியும் வயிறு வளர்த்தவர்கள் கொடுத்தது. லண்டன் மிஷன் பாதிரிமார்கள் தங்கள் அறிக்கைகளில் அய்யாவின் மக்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தங்கள் வேலைக்குத் தடையாக இருப்பதாகக் குறைபட்டுத்தான் எழுதினார்கள். ஆனாலும் ஓலைக்கூரைகளில் கூடிய கூட்டம் எத்தனை பெரிது என்பதற்கு வெளியார் சாட்சி அதுவே. தோள்சீலைக்கான போராட்டம் 1859 அறிவிப்பு வரை நீண்டது. கோயில் கதவு திறக்க, முன்னமே சொன்னபடி, 1936 ஆகிவிட்டது. நம் சென்னை மாகாணத்தில் 1939-லும் 1947-லும் சட்டம் வந்தது. முத்திரிக்கிணற்றில் எல்லோரும் ஒன்றாய்த் தண்ணீர் இறைத்தது இவை எல்லாவற்றுக்கும் முன்பு.

வருடம் மூன்று முறை, ஆவணியிலும் தையிலும் வைகாசியிலும், சாமிதோப்பில் கொடியேறுகிறது. பதினொரு நாள் விழா. மாசி 20-க்கு வர முடியாதவர்கள் இவற்றில் ஒன்றுக்கு வரலாம். முதன்முறையாகப் பிள்ளைகளை அழைத்துவருகிறவர்கள் நேரே பதிக்குள் கூட்டிப்போகாமல் முதலில் கிணற்றடிக்குக் கூட்டிப்போங்கள். இறைத்து ஊற்றுகிறவர் யார், எந்த ஊர், எந்தச் சாதி என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். குளித்து, வெள்ளை உடுத்தி, பையனுக்குத் தலைப்பாகையை நீங்களே கட்டிவிடுங்கள். துணி நீளமாக இருக்கட்டும், சின்னத் துண்டு நிற்காமல் அவிழ்ந்துவிடும். உச்சிப்படிப்பு முடிந்ததும் அன்னதர்மம். வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நேரம் இருந்தால் தாமரைகுளம்பதிக்கும் போய்வாருங்கள், அது அருகில்தான். முட்டப்பதிக்கு மாலையில் போனால் கடல் காற்று நன்றாக இருக்கும்.